வழி வேறொருவர் கையில்

1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. இந்திய ராணுவம் வரவில்லை. விடுதலைப் போராட்டக்காரர்கள் காவல் நிலையத்தைக் கைப்பற்றி இந்தியக் கொடியை ஏற்றினார்கள். எதுவார் குபேர் தலைமையில் அங்கேயே ஒரு தற்காலிக அரசு அமைந்தது. முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், புதுச்சேரி நகரில், பிரெஞ்சு நிர்வாகம் அதன் ஆயுதக் காவலர்களுடன் அப்படியே இருந்தது. அவர்கள் நெட்டப்பாக்கத்துக்கு வரவேண்டுமானால் இந்திய மண்ணைக் கடக்க வேண்டும். அதற்கு இந்தியாவின் அனுமதி வேண்டும்.

நெட்டப்பாக்கம் கொம்யூனுக்கு (பிரெஞ்சு நகராட்சிப் பிரிவு) அன்று நாற்புறமும் இந்தியாவின் தென்னார்க்காடு மாவட்டம். இப்படி முழுவதும் இன்னொரு நாட்டால் சூழப்பட்ட நிலத்துண்டை உள்ளடங்கு நிலம் என்பார்கள். புதுச்சேரிப் பகுதியின் பரப்பு சுமார் 290 சதுர கிலோமீட்டர். அது பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. கடலூர்ச் சாலையில் போகிறவர்கள் இதை இன்றும் காணலாம். தவளக்குப்பம் புதுச்சேரி. அடுத்து வரும் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. அதற்கடுத்த கிருமாம்பாக்கம் மறுபடியும் புதுச்சேரி.

இந்த வரைபடத்தை நிலவியல் உண்டாக்கவில்லை. வில்லியனூரும் பாகூரும் 1749, 1750 ஆண்டுகளில் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கொடுத்தவை. முன்னவர் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கும், பின்னவர் ஐதராபாத் நிஜாம் பதவிக்கும் போட்டியிட்டார்கள். இருவருக்கும் பிரெஞ்சுப் படை தேவைப்பட்டது. ஊர்கள் அதற்கான விலை.

1748 முதல் 1756 வரை பிரான்சும் பிரிட்டனும் சட்டப்படி சமாதானத்தில் இருந்தன. பாகூர்ப் போர் நடந்தது 1752 செப்டம்பரில். ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலப் படை, கெர்ஜான் தலைமையிலான பிரெஞ்சுப் படையை அங்கே முறியடித்தது. இது இரு நாடுகளின் போராகக் கணக்கில் வரவில்லை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான மற்றொரு போட்டியாளர் முகமது அலி தரப்புக்கு ஆங்கிலக் கம்பெனி உதவியது. சந்தா சாகிப் தரப்புக்குப் பிரெஞ்சுக் கம்பெனி உதவியது. அவ்வளவுதான் என்பது ஏட்டுக் கணக்கு. வல்லரசுகள் நேரடியாக மோதாமல் வேறொருவர் பெயரில், வேறொருவர் மண்ணில் நடத்தும் இத்தகைய சண்டைக்குப் பதிலிப் போர் என்று பெயர். பாகூரில் படைகள் மோதியபோது சந்தா சாகிப் உயிரோடு இல்லை. அந்த ஆண்டு ஜூனிலேயே திருச்சிராப்பள்ளி அருகே அவர் தலை வெட்டப்பட்டிருந்தது. யாருக்காகப் போர் என்று சொல்லப்பட்டதோ அவர் செத்த பிறகும் போர் நடந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748-இல் ஐரோப்பாவில் எக்ஸ்-லா-ஷப்பேல் ஒப்பந்தம் ஆனது. சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. வட அமெரிக்காவின் லூயிபூர் கோட்டையை ஆங்கிலேயர் 1745-இல் பிடித்து வைத்திருந்தார்கள். அது பிரான்சுக்குத் திரும்பியது. ஒரு பண்டமாற்று. சென்னையில் இருந்தவர்களுக்கு லூயிபூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. லூயிபூரின் மீனவர்களும் சென்னையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1783-ஆம் ஆண்டின் வெர்சாய் ஒப்பந்தத்தில் பாகூரின் பெயர் நேரடியாகவே வருகிறது. புதுச்சேரிக்குச் சேர்மானமாக வில்லியனூர், பாகூர் ஆகிய இரு வட்டங்களைப் பெற்றுத் தருவதாகப் பிரிட்டிஷ் மன்னர் அதில் உறுதி கூறுகிறார். கரீபியன் கடலின் டொபாகோ தீவும் ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுப் பகுதியும் அதே ஆவணத்தில் பிரான்சுக்குப் போகின்றன. பிறகு 1793-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை மீண்டும் பிடித்தார்கள். 1814-இன் பாரிஸ் ஒப்பந்தம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அதன் 12-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்தியாவில் திரும்பப் பெறும் இடங்களில் பிரான்சு கோட்டை கட்டக் கூடாது, காவல் பணிக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. நிலம் பிரான்சுடையது. அதைக் காக்கும் ஆற்றல் பிரான்சிடம் இருக்கக் கூடாது. 1954-இன் முடிவுக்கான முதல் வரி 140 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1760 ஜூலையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தது. அதோடு புதுச்சேரி நகரத்துக்குத் தானியம் வரும் பாதை சுருங்கியது. இலையுதிர்காலத்துக்குள் கடல் பக்கம் ஆங்கிலக் கப்பல்கள், நிலப் பக்கம் ஆங்கிலப் படை. நவம்பர் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, உண்ணும் வாய்களைக் குறைப்பதற்காக உள்ளூர் மக்களை நகரை விட்டு வெளியேற்றினார். ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் கணக்கு 1,400 பேர். முற்றுகையிட்ட ஆங்கிலப் படை அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. நகரமும் கதவைத் திறக்கவில்லை. எட்டு நாட்கள் இரு படைகளுக்கும் நடுவே, புல்லின் வேர்களைத் தின்று கிடந்தார்கள். அதன் பிறகே ஆங்கிலேயர் வழி விட்டார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதில் அது.

1947-க்குப் பின் நடந்தவற்றில் துப்பாக்கிகளின் பங்கு குறைவு. காகிதங்களின் பங்கு அதிகம்.

1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சு இந்தியாவின் எதிர்காலத்தை மக்களே வாக்களித்து முடிவு செய்வார்கள் என்றது அது. பிரான்சுக்கு வேறு வழியும் இல்லை: எந்த நிலத்தையும் அதன் மக்களின் சம்மதமின்றிக் கைமாற்றுவது செல்லாது என்று 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு சொன்னது. 1949 ஜூனில் வங்காளத்தின் பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. மிகப் பெரும்பான்மையோர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். புதுச்சேரியில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. அனைத்துலக நீதிமன்றத்தின் வழியாகத் தெரிவான பார்வையாளர்கள் 1951-இல் வந்து பார்த்தார்கள். சுதந்திரமாக வாக்களிக்கும் சூழல் அங்கே இல்லை என்று அறிக்கை தந்தார்கள். 1952 அக்டோபரில் இந்தியா அந்த உடன்பாட்டிலிருந்து விலகியது.

இதற்கு இணையாக இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. 1941 முதல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றியம் இருந்தது. அதாவது இரு பகுதிகளுக்கும் நடுவே போகும் சரக்குக்கு எல்லை வரி கிடையாது. 1949-இல் அது முடிவுக்கு வந்தது. புதுச்சேரியைச் சுற்றி இந்தியச் சுங்கச் சாவடிகள் முளைத்தன. கடத்தல் பெருகியது. கடத்தலைக் காரணம் காட்டிக் காவல் இறுகியது. பிறகு அனுமதிச் சீட்டு முறை வந்தது. பாகூரின் நெல் புதுச்சேரிச் சந்தைக்குப் போகும் சாலை இந்திய மண் வழியாகப் போயிற்று. நெட்டப்பாக்கத்துக்காரர் தம் அரசின் தலைநகருக்குப் போகும் சாலையும் அப்படித்தான். ஒரே கொடியின் கீழ் இருந்த இரண்டு ஊர்களுக்கு இடையே இன்னொரு நாட்டின் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் எதையும் தடுக்க வேண்டியதில்லை. தாமதித்தால் போதும்.

இதில் ஒன்றுகூடப் போர் அல்ல. தன் எல்லைக்குள் சாவடி வைப்பதும் சீட்டுக் கேட்பதும் எந்த நாட்டுக்கும் உள்ள உரிமை. அரசுகள் இதை விரும்புவதற்குக் காரணமும் அதுவே. ஒவ்வொரு படியும் தனித்தனியே சட்டத்துக்கு உட்பட்டது. எல்லாம் சேர்ந்தால் முற்றுகை.

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரியின் எட்டுக் கொம்யூன்களின் நகராட்சித் தலைவர்களான மேர்களும் ஆட்சிக் குழுவினரும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சில காலம் முன்புவரை பிரெஞ்சு ஆதரவுக் கட்சியின் தலைவராக இருந்த குபேர் இப்போது மறுபக்கம் வந்தார். பதின்மூன்று நாள் கழித்து நெட்டப்பாக்கம். அடுத்த வாரங்களில் திருபுவனை, பாகூர். பிரெஞ்சு இந்தியாவின் பிற பகுதிகளில், ஜூனில் ஏனாம். ஜூலையில் மாகே. பாரிசில் மே மாதம் தொடங்கிய இருநாட்டுப் பேச்சு ஜூன் தொடக்கத்தில் முறிந்தது.

முறிந்த பேச்சு அக்டோபரில் எப்படிக் கைகூடியது? விடை வியட்நாமில் இருக்கிறது. 1954 மே 7 அன்று தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூனில் பாரிசில் ஆட்சி மாறியது. புதிய பிரதமர் மென்தேஸ் பிரான்ஸ், இந்தோசீனப் போரை ஒரு மாதத்தில் முடிப்பதாகச் சொல்லிப் பதவி ஏற்றவர். ஜூலை 21-இல் ஜெனிவா உடன்பாடு. ஒரு பெரிய போரில் தோற்ற அரசுக்கு, பத்துக்கு மேற்பட்ட துண்டுகளாகக் கிடந்த 290 சதுர கிலோமீட்டருக்காக இன்னொரு தகராறு தேவைப்படவில்லை. வில்லியனூர் விவசாயியின் குடியுரிமை வியட்நாமிய மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் தீர்மானமாயிற்று.

அக்டோபர் 18 அன்று வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரில் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமான 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170. எதிர்ப்பு 8. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் சம்மதம் என்று பிரெஞ்சு அரசியலமைப்பு கேட்டது இந்த 178 வாக்குகளின் வடிவில் தரப்பட்டது. மூன்று நாளில் டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது.

பெரும்பாலான மக்கள் இந்த முடிவை விரும்பினார்கள் என்பதில் ஐயமில்லை. முடிவு இனித்ததால் அதை உண்டாக்கிய முறையைப் பலர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த முறைக்கு நோக்கம் எது என்ற கவலை கிடையாது. விடுதலைக்கும் அது வேலை செய்யும். வேறொன்றுக்கும் வேலை செய்யும்.

அதே 1954-இன் ஜூலை, ஆகஸ்டில் தாத்ரா, நகர் ஹவேலி என்ற போர்த்துக்கீசிய உள்ளடங்கு நிலங்களும் இதே வகையில் விழுந்தன. தன் வசமிருந்த டாமனிலிருந்து படை அனுப்பப் போர்த்துக்கல் விரும்பியது. இந்தியா வழி விடவில்லை. 1955-இல் போர்த்துக்கல் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 1960 ஏப்ரல் 12-இல். தனியாட்களும் குடிமை அதிகாரிகளும் பொதுச் சரக்கும் கடந்து போகப் போர்த்துக்கலுக்கு உரிமை இருந்தது என்றது நீதிமன்றம். படைக்கும் ஆயுதக் காவலர்க்கும் ஆயுதங்களுக்கும் அந்த உரிமை இல்லை என்றது. இந்தியா வழியை நிறுத்தி வைத்ததிலும் தவறு காணவில்லை. உள்ளடங்கு நிலத்துக்கு அரிசி போகலாம். அந்த நிலத்தைக் காக்கக் கூடியவர்கள் போக முடியாது. உலகின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்ன சட்டம் இது.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 1954 நவம்பர் 1-இல் மாறியது நிர்வாகம் மட்டும். இறையாண்மை, அதாவது ஒரு நிலத்தின் மீது கடைசிச் சொல் சொல்லும் உரிமை, சட்டப்படி பிரான்சிடமே இருந்தது. அதே நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான போர் வெடித்தது. 1956 மே 28-இல் புதுச்சேரியைக் கையளிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஒரு நிலத்தை விட்டுக் கொடுப்பதாக வாக்களித்தால் அடுத்தது அல்ஜீரியாவா என்ற கேள்வி வரும். ஆறு ஆண்டுகள் கடந்தன. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் புதுச்சேரி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நெட்டப்பாக்கத்தில் வரி வாங்கியது இந்தியா. சட்டத்தின் கண்ணில் அந்த மண் பிரான்சு.

அந்த ஆகஸ்ட் 16-இல் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஒப்பந்தத்தின்படி, இந்தப் பகுதியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தின் நடுவில்தான் இந்திய-சீனப் போர் நடந்து முடிந்தது. 1963 பிப்ரவரி நடுவில் கெடு முடிந்தது. சுமார் 3.7 லட்சம் பேரில் ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அன்று வெளிநாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். எதுவும் செய்யாவிட்டால் அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடிப்பார்கள். வில்லியனூரில் பிறந்த அண்ணன் ஊரில் இருக்கிறார். தம்பி சைகோனில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே ஒரு தாளிலும் கையெழுத்திடவில்லை. அண்ணன் இந்தியர். தம்பி பிரெஞ்சுக்காரர். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு கிளைக்கு ஐரோப்பாவின் கதவு திறந்திருக்கும். மற்றொன்று விசாவுக்கு வரிசையில் நிற்கும். புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு, மற்ற வீடு என்று இன்றும் பிரித்துப் பேசும் வழக்கத்தில் பாதிக் காரணம் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம். மீதிப் பாதி இந்த ஆறு மாதம்.

இதைவிடச் சுருக்கமான ஏற்பாடுகளும் உண்டு. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்பாடு இலங்கையின் மலையகத் தமிழரில் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக முடிவு. அந்தத் தாளில் மலையகத்தைச் சேர்ந்த யாருடைய கையெழுத்தும் இல்லை.

நெட்டப்பாக்கத்தின் முறை பழங்கதை ஆகிவிடவில்லை. நாகோர்னோ-கராபாக் அசர்பைஜானுக்குள் அமைந்த மலைப்பகுதி. அங்கே சுமார் 1,20,000 ஆர்மேனியர் வாழ்ந்தார்கள். வெளியுலகோடு அவர்களை இணைத்தது லாச்சின் என்ற ஒரே சாலை. 2022 டிசம்பர் 12-இல் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று சொல்லிக்கொண்ட அசர்பைஜானியர் அந்தச் சாலையில் உட்கார்ந்தார்கள். 2023 பிப்ரவரி 22-இல் போக்குவரத்தைத் தடையின்றி நடத்துமாறு அனைத்துலக நீதிமன்றம் ஆணையிட்டது. ஏப்ரலில் அசர்பைஜான் அங்கே ஒரு சோதனைச் சாவடி வைத்தது. கடைகளில் உணவும் மருந்தும் எரிபொருளும் தீர்ந்தன. செப்டம்பர் 19-இல் தாக்குதல். ஒரே நாளில் சரண். இரண்டு வாரத்துக்குள் 1,00,000-க்கு மேற்பட்டோர் அதே சாலை வழியாக வெளியேறினார்கள். அப்போது சாவடி திறந்திருந்தது. போர் ஒரு நாள் நடந்தது. அதற்கு முன்னான ஒன்பது மாதம் எந்தப் போர்க் கணக்கிலும் வராது.

தண்ணீருக்கும் இது பொருந்தும். சிந்து நதி ஒப்பந்தம் 1960-இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே கையெழுத்தானது. 1965, 1971, 1999 போர்கள் மூன்றையும் அது கடந்து வந்தது. பகல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23-இல், இந்தியாவின் ஓர் அறிவிப்பில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தியது சரியா, தவறா என்பது வேறு வாதம். அறுபத்தைந்து ஆண்டுகள் அசையாதது ஒரு மாலையில் அசைந்தது.

நெட்டப்பாக்கத்தைச் சுற்றி இன்று நாட்டு எல்லை இல்லை. மாநில எல்லை இருக்கிறது. 2020 ஊரடங்கின்போது புதுச்சேரி, தமிழ்நாடு எல்லைச் சாலைகளில் தடுப்புகள் வந்தன. அவை நின்றது 1783-இன் ஒப்பந்தக்காரர்கள் வெர்சாயில் ஒப்புக்கொண்ட அதே கோட்டுக்கு அருகில். பாகூர் ஏரிக்கு நீர் தருவது பங்காரு வாய்க்கால். அது தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிகிறது. சொர்ணாவூர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதற்கும் மேலே சாத்தனூர் அணை, அதுவும் தமிழ்நாட்டில். ஆறு பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலையில். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின், சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. பாகூர் வயல்களுக்குள் ஆறு புகுந்தது. தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் யார்கோலில் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2019 நவம்பர் 14-இல் மனு தள்ளுபடியானது. நடுவர் மன்றத்தை நாடலாம் என்றது நீதிமன்றம்.

அந்த வழக்கில் தமிழ்நாடு கையில் எடுத்த ஆவணம் 1892-ஆம் ஆண்டின் ஒப்பந்தம். அதைச் செய்துகொண்டவர்கள் மைசூர் அரசும் சென்னை அரசும். பாகூர் அன்று பிரான்சு.